ஊர்ப் பள்ளியும் நமது பொறுப்பும்

(வெள்ளி விழாக் கல்வி அரங்கில் நிகழ்த்திய உரை)

 

ஒரு கல்விக் கழகம் இருபத்தைந்து ஆண்டுகள் இடையறாது பணியாற்றுவது எளிய செயலன்று. அதிலும், உறுப்பினர் தம் கூலியில் மிச்சம் பிடித்துத் தந்த சந்தாவைக் கொண்டே ஒரு கழகம் நடைபெறுமானால், அதன் ஒவ்வோர் ஆண்டும் ஒரு வெற்றியே ஆகும். ஏழைப் பிள்ளைகளுக்குக் குறிப்பேடு வாங்கித் தந்தோம். மாலை வகுப்பு நடத்தினோம். கல்லூரியில் இடம் கிடைத்தும் கட்டணம் கட்ட வழியற்று நின்றவர்களுக்குத் துணை நின்றோம். முதல் மதிப்பெண் பெற்றவர்களை மேடைக்கு அழைத்துப் பரிசளித்தோம். இவை யாவும் செய்யத்தக்க பணிகளே. இனியும் தொடர வேண்டிய பணிகளே.

ஆயினும், அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளுக்கு இதனினும் பெரிய பணி ஒன்று நம்மை எதிர்நோக்கி நிற்கிறது. ஒரு தெருவில் முப்பது பிள்ளைகள் இருந்தால், நம் உதவி ஒருவரையோ இருவரையோ கைதூக்கி விடுகிறது. எஞ்சிய இருபத்தெட்டுப் பேரின் வாழ்வையும் வளத்தையும் முடிவு செய்வது எது? அந்த ஊரின் அரசுப் பள்ளி. ஆகவே, பிள்ளைக்கு உதவுவதோடு நில்லாமல், பள்ளியையே செம்மை செய்யும் பணியில் நாம் இறங்க வேண்டும் என்பதே இன்று உங்கள் முன் வைக்க விரும்பும் கருத்தாகும்.

பள்ளி நமக்குக் கிடைத்த வரலாறு

அரசுப் பள்ளி என்பது யாரோ நமக்கு இரங்கி அளித்த கொடை என்று இளைஞர்கள் எண்ணிவிடக் கூடாது. பொதுப்பள்ளி என்று பெயர் இருந்த காலத்திலும், அது அக்கிரகாரத்திலோ கோவில் மண்டபத்திலோ ஊர்ச் சாவடியிலோ நடந்தமையால், நம் பிள்ளைகளின் கால்கள் அதன் வாயிலை மிதிக்க இயலாதிருந்தது. சட்டம் கதவைத் திறந்தது. வழக்கம் அதனை அடைத்தது. இந்நிலையை எதிர்த்து நம் முன்னோர் விண்ணப்பம் எழுதினர், இதழ் நடத்தினர், கூட்டம் கூட்டினர்.

1893-ஆம் ஆண்டில் சென்னை மாகாண அரசு, அன்று ‘பஞ்சமர்’ என்றழைக்கப்பட்ட நம் மக்களின் கல்விக்கெனத் தனி ஆணை பிறப்பித்தது. இரட்டைமலை சீனிவாசன் தம் ‘பறையன்’ இதழைத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். 1894-இல் கர்னல் ஆல்காட் அடையாறு அருகே நம் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளியைத் தொடங்கினார். பண்டிதர் அயோத்திதாசர் அம்முயற்சிக்குத் துணை நின்றார். 1916-இல் சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் நந்தனார் கல்விக் கழகத்தை நிறுவினார். எம்.சி. ராஜா பள்ளி ஆசிரியராக வாழ்வைத் தொடங்கிச் சட்டமன்றத்தில் நம் குரலாக ஒலித்தார். 1920-களில் தொழிலாளர் துறையின் வாயிலாக அரசு நம் குடியிருப்புகளில் பள்ளிகளைத் திறந்தது. அவையே பிற்காலத்தில் அரிசன நலத்துறைப் பள்ளிகளாகவும், பின்னர் ஆதிதிராவிடர் நலத்துறைப் பள்ளிகளாகவும் பெயர் மாறின. இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட நலப் பள்ளிகள் தமிழகத்தில் இருப்பதற்கு அந்த நெடிய போராட்டமே வித்தாகும்.

இவ்வளவு பாடுபட்டுப் பெற்ற பள்ளியை இன்று நாம் எப்படிப் பார்க்கிறோம்? “அது சர்க்கார் பள்ளி, வாத்தியார் பாடு, அதிகாரிகள் பாடு” என்று சொல்லி ஒதுங்கி நிற்கிறோமா, அல்லது “அது எங்கள் பள்ளி” என்று உரிமையோடு உள்ளே செல்கிறோமா? இந்தக் கேள்விக்கு ஒவ்வொரு தெருவும் விடை சொல்ல வேண்டும்.

கொடையால் வந்த பங்கும் உரிமையால் வந்த பங்கும்

பள்ளியை மேம்படுத்த ஊர் மக்களைச் சேர்த்துக்கொள்ளும் முயற்சி தமிழகத்திற்குப் புதியதன்று. காமராசர் ஆட்சியில், பொதுக்கல்வி இயக்குநராக விளங்கிய நெ.து. சுந்தரவடிவேலு பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை 1958 முதல் ஊர்தோறும் நடத்தினார். ஊர் மக்கள் கட்டடம் கட்டித் தந்தனர். நாற்காலி, மேசை, கரும்பலகை, கடிகாரம், சீருடை என இயன்றதை அளித்தனர். பகல் உணவுத் திட்டமும் 1956-இல் மக்கள் கொடுத்த பொருளைக் கொண்டே தொடங்கியது; 1957 முதல் அரசின் மானியம் அதனோடு சேர்ந்தது. ஏழைப் பிள்ளைகளைப் பள்ளிக்கு இழுத்து வந்த பெரும் பணி அது. அதனை நாம் நன்றியோடு நினைவு கூர்கிறோம்.

ஆனால், அம்முறையில் ஒரு வரம்பு இருந்ததையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். கொடுக்கும் வசதி உள்ளவரே அங்கே பங்கு பெற இயலும். நிலமும் களஞ்சியமும் உள்ளவர் மேசை கொடுத்து மேடையில் அமர்வார். அன்றாடங் காய்ச்சிக்கு அங்கே என்ன இடம்? கைதட்டும் இடந்தான். எந்தத் தெருப் பிள்ளைகளுக்குப் பள்ளி இன்றியமையாததோ, அந்தத் தெருவுக்குப் பள்ளியைப் பற்றிப் பேசும் தகுதி கிடைக்காமற் போயிற்று.

இந்த நிலையைச் சட்டம் மாற்றியிருக்கிறது. 2009-ஆம் ஆண்டின் கட்டாய இலவசக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 21-ஆம் பிரிவு ஒவ்வோர் அரசுப் பள்ளிக்கும் பள்ளி மேலாண்மைக் குழு ஒன்று இருத்தல் வேண்டும் என்கிறது. அக்குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருத்தல் வேண்டும். பாதிப்பேர் பெண்களாக இருத்தல் வேண்டும். நலிந்த பிரிவினரின் பெற்றோர்க்கு அவர்தம் எண்ணிக்கைக்கு ஏற்ற இடம் அளித்தல் வேண்டும். தமிழகத்தில் 2022-இல் இக்குழுக்கள் எங்கும் புதிதாக அமைக்கப்பட்டன. 2024-இல் மீண்டும் அமைக்கப்பட்டபோது உறுப்பினர் எண்ணிக்கை 24 ஆயிற்று. முன்னாள் மாணவர்களுக்கும் இடம் தரப்பட்டது.

இதன் பொருளை ஆழ்ந்து எண்ணுங்கள். மேசை கொடுத்தவர் என்பதற்காக அன்று, பிள்ளையைப் பெற்றவர் என்பதற்காகவே ஒருவருக்கு அங்கே இடம் உண்டு. கூலிக்குச் செல்லும் தாய் வெறுங்கையோடு சென்று அமரலாம், கேள்வி கேட்கலாம். நமக்குக் கிடைத்துள்ள புதிய கருவி இதுவே.

ஏட்டில் உள்ள குழுவும் நாட்டில் உள்ள குழுவும்

சட்டம் இடம் தந்துவிட்டது. அந்த இடத்தில் நாம் உண்மையாகவே அமர்ந்திருக்கிறோமா? குழுவின் தலைவர் ஒரு தாய் என்று பதிவேட்டில் இருக்கும். கூட்டத்தில் பேசுபவர் வேறொருவராக இருப்பார். கூட்டம் வேலை நாளின் நடுப்பகலில் நடக்கும். சென்றால் அன்றைய கூலி போய்விடும். தீர்மானம் முன்னரே எழுதப்பட்டிருக்கும். கையொப்பம் மட்டும் வீடு தேடி வரும். ஊர்த்தெருவும் சேரியும் ஒரே பள்ளியில் சேரும் இடங்களில், நம் உறுப்பினர் கடைசி வரிசையில் வாய் திறவாமல் அமர்ந்து திரும்புவார். இவ்வாறு நடக்கும் குழுவால் பள்ளிக்கும் பயனில்லை, நமக்கும் பயனில்லை.

இதற்குத் தீர்வு கூட்டத்திற்குள் இல்லை. கூட்டத்திற்கு முன்பே இருக்கிறது. தனியே செல்லும் தாய் பேசத் தயங்குவாள். தெரு முழுவதும் பேசி முடிவு செய்ததைச் சொல்லச் செல்லும் தாய் தயங்கமாட்டாள். எனவே, ஒவ்வொரு குழுக் கூட்டத்திற்கும் முந்திய மாலை நம் தெருவில் ஒரு கூட்டம் நடத்துவோம். பள்ளிக்கு உடனடியாக வேண்டியவை எவை என்று பேசி, மூன்றே மூன்று கோரிக்கைகளை ஒரு தாளில் எழுதுவோம். எழுதப் படிக்கத் தெரிந்த இளைஞர் ஒருவர் அந்தத் தாளை உறுப்பினருக்குப் பலமுறை படித்துக் காட்டுவார். கூட்டம் முடிந்த மாலையில், என்ன விடை கிடைத்தது என்று தெரு மீண்டும் கேட்கும். கூட்டத்தைக் கூலி வேலை முடிந்த நேரத்தில் நடத்துக என்பதே நம் முதல் கோரிக்கையாக இருக்கட்டும்.

என்ன கேட்பது?

கேட்கத் தெரிந்து கேட்பதே கேள்வி. அதற்குச் சட்டம் சொல்லும் அளவுகளை நம் இளைஞர்கள் மனப்பாடமாக அறிந்திருத்தல் வேண்டும்.

முதலாவது, ஆசிரியர் கணக்கு. ஒன்று முதல் ஐந்து வகுப்பு வரை 60 பிள்ளைகள் உள்ள பள்ளிக்கு இரண்டு ஆசிரியர். 61 முதல் 90 வரை மூவர். 91 முதல் 120 வரை நால்வர். தொடக்கப்பள்ளி ஆண்டுக்கு 200 நாள்களும், ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை 220 நாள்களும் நடைபெற வேண்டும். மக்கள்தொகைக் கணக்கு, பேரிடர் உதவி, தேர்தல் ஆகியவை தவிர வேறு பணிக்கு ஆசிரியரை அனுப்பலாகாது என்று 27-ஆம் பிரிவு தடுக்கிறது. எத்தனை இடம் காலியாக உள்ளது, எத்தனை நாள் பள்ளி நடந்தது என்று கேட்பது ஆசிரியரைக் குறை கூறுவது ஆகாது. ஆசிரியருக்காக வாதாடுவதே ஆகும்.

இரண்டாவது, வாசிப்புக் கணக்கு. பிள்ளை எந்த வகுப்பில் அமர்ந்திருக்கிறது என்பதை நாம் அறிவோம். என்ன வாசிக்கிறது என்பதை அறிவோமா? பிள்ளையின் வருகை, கற்கும் திறன், முன்னேற்றம் ஆகியவற்றைப் பெற்றோரை அழைத்துத் தெரிவிப்பது ஆசிரியரின் கடமை என்று 24-ஆம் பிரிவு கூறுகிறது. மூன்றாம் வகுப்புப் பிள்ளை இரண்டாம் வகுப்புப் பாடத்தின் ஒரு பக்கத்தைத் தாயின் முன் நின்று வாசிக்கட்டும். எழுத்தறியாத தாய்க்கும் தன் பிள்ளை தட்டுத் தடுமாறுகிறதா, தங்குதடையின்றிப் படிக்கிறதா என்பது காதால் கேட்டே விளங்கும். எட்டு வயதுக்குள் எல்லாப் பிள்ளைகளும் எழுத்தும் எண்ணும் அறிய வேண்டும் என்பதற்காக அரசு 2022-இல் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தைத் தொடங்கியது. அது நம் பள்ளியில் எவ்வளவு பயன் தந்தது என்பதைத் தாய்மார்களே அளந்து சொல்லலாம்.

மூன்றாவது, பணக் கணக்கு. பள்ளிக்கு வரும் மானியம் எவ்வளவு, எதற்குச் செலவாயிற்று என்று பார்ப்பது குழுவின் கடமைகளுள் ஒன்று. பள்ளி வளர்ச்சித் திட்டம் வகுப்பதும் குழுவின் கடமையே. குடிநீர், கழிவறை, சுற்றுச்சுவர், கூரை எனத் தேவைகளை நிரல்படுத்தி எழுதினால்தான் நாளை ‘எங்களிடம் யாரும் கேட்கவில்லையே’ என்ற விடை வராது.

நான்காவது, மானக் கணக்கு. இதனை இறுதியில் சொல்வதால் சிறியது என்று எண்ணற்க. வகுப்பறையில் தனி வரிசை உண்டா? கழிவறை கழுவும் வேலை நம் பிள்ளைகளுக்கே ஒதுக்கப்படுகிறதா? சமைப்பவர் நம் இனத்துப் பெண் என்பதற்காகத் தம் பிள்ளைகளை உண்ண விடாமல் சில பெற்றோர் தடுத்தனர் என்னும் செய்தி 2023-இல்கூட கரூர், தூத்துக்குடி மாவட்டங்களிலிருந்து வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் நாங்குநேரியில் நம் மாணவர் ஒருவரை உடன் பயின்றவர்களே வீடு புகுந்து வெட்டினர்; தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டாள். அதன்பின் அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் தன் அறிக்கையை அளித்தது. பள்ளிகளின் பெயர்களில் சாதிக் குறிப்பு இருக்கலாகாது என்பது அதன் பரிந்துரைகளுள் ஒன்று. அறிக்கை கோட்டையில் இருக்கும். வகுப்பறையில் கண்காணிக்க வேண்டியவர் நாமே. பிள்ளை வீடு திரும்பியதும், “இன்று என்ன படித்தாய்?” என்று கேட்பதோடு, “இன்று உன்னை எப்படி நடத்தினார்கள்?” என்றும் கேட்போம்.

கேட்டதற்கு விடை கிடைக்காவிட்டால் வழி இல்லாமற் போகவில்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் 32-ஆம் பிரிவின்படி எழுத்து வடிவில் முறையீடு அளிக்கலாம். மூன்று மாதங்களுக்குள் முடிவு சொல்லியாக வேண்டும். 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி பத்து ரூபாய்க் கட்டணத்தில் விண்ணப்பித்தால் 30 நாள்களில் விடை தர வேண்டும். தமிழகத்தில் ஆண்டுக்கு ஆறு முறை கூடும் கிராம சபையில் பள்ளியின் தேவையைத் தீர்மானமாக நிறைவேற்றலாம். வாய்ச்சொல் காற்றோடு போகும். பதிவேட்டில் ஏறிய தீர்மானம் நிற்கும்.

தனியார் பள்ளி என்னும் கேள்வி

“ஐயா, அரசுப் பள்ளியைப் பற்றி இவ்வளவு பேசுகிறீர்களே, வசதி வந்த நம்மவர்கள் தம் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்புகிறார்களே” என்று கேட்பீர்கள். அவர்களை நாம் பழிக்கவில்லை. தன் பிள்ளை ஆங்கிலம் பேச வேண்டும் என்று ஏங்கும் தாயின் ஆசை நியாயமானது. கல்வி உரிமைச் சட்டமே தனியார் பள்ளிகளின் தொடக்க வகுப்பில் 25 விழுக்காடு இடங்களை நலிந்த, வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினர்க்கு ஒதுக்குகிறது.

ஆனால், ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். சிலர் வெளியேறுவர், பலர் எஞ்சுவர். வெளியேறுவோர் பெரும்பாலும் படித்த பெற்றோர். கேள்வி கேட்கத் தெரிந்தவர். அவர்கள் போனபின் பள்ளிக்காகப் பேச யார் இருப்பர்? எண்ணிக்கை குறையக் குறைய ஆசிரியர் இடம் குறையும். ஆசிரியர் குறைந்தால் மேலும் சிலர் வெளியேறுவர். முடிவில் பள்ளியின் கதவே அடைபடும். அன்று பேருந்துக் கட்டணம் கொடுக்க இயலாத வீட்டுப் பிள்ளையே, அதிலும் பெண்பிள்ளையே, முதலில் படிப்பை நிறுத்தும். எனவே, பிள்ளையை எங்கே படிக்க வைத்தாலும், ஊர்ப் பள்ளியின் மீதுள்ள பொறுப்பை எவரும் கைவிடலாகாது. முன்னாள் மாணவர் என்னும் முறையில் குழுவில் இடம் பெறலாமே!

அரசுப் பள்ளியில் பயில்வோர்க்குச் சில வாயில்களும் திறந்துள்ளன. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் பயின்றவர்க்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2020-இல் சட்டமாயிற்று; 2021-இல் பொறியியல் முதலிய தொழிற்படிப்புகளுக்கும் அது விரிந்தது. காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் அரசுத் தொடக்கப்பள்ளிகள் அனைத்திற்கும் பரவியது. ஆனால், மேலே உள்ள வாயில் திறந்திருந்து பயனென்ன, கீழே மூன்றாம் வகுப்பில் வாசிக்க இயலாமல் பிள்ளை நின்றுவிட்டால்? மருத்துவக் கல்லூரிக்குச் செல்லும் பாதை நம் தெருமுனைத் தொடக்கப்பள்ளியில்தான் தொடங்குகிறது.

இளைஞர்களுக்கு

இளைஞர்களே! இப்பணியின் பெரும்பகுதி உங்கள் தோள்மேல் உள்ளது. பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்தபின், 2021 அக்டோபரில் ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கியபோது, ஊர்தோறும் இளம்பெண்கள் பலர் தன்னார்வலராய் முன்வந்து பிள்ளைகளுக்குக் கற்பித்தனர். கற்பிக்கும் ஆற்றல் நம் தெருக்களிலேயே இருக்கிறது என்பதற்கு அது சான்று. அந்த ஆற்றலை ஒழுங்குபடுத்துவதே கழகத்தின் கடமை.

ஆசிரியரைப் பகைவராகக் கருதாதீர்கள். ஐந்து வகுப்புகளை இருவர் நடத்தும் பள்ளியில் ஆசிரியர் படும் பாடு பெரிது. கேள்வியைப் பணிவோடு கேளுங்கள். ஆனால் விடை வரும்வரை கேளுங்கள். நல்லாசிரியர் ஒருவர் மாற்றலாகிச் சென்றால் மாலையிட்டு வழியனுப்புங்கள். அந்த இடம் காலியாகக் கிடந்தால் மனுவோடு வட்டாரக் கல்வி அலுவலரிடம் செல்லுங்கள்.

இவ்விழாவில் மூன்று உறுதிகளை ஏற்போமாக. ஒன்று: நம் உறுப்பினர் வாழும் ஒவ்வோர் ஊரிலும், அரசுப் பள்ளிக்கென இரண்டு இளைஞர்களைக் கழகம் பொறுப்பாக்கும், அவர்களுள் ஒருவர் பெண்ணாக இருப்பார். இரண்டு: ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு குறிப்பேடு வைத்து, மேற்சொன்ன நான்கு கணக்குகளையும் மாதந்தோறும் எழுதி, காலாண்டுக்கு ஒரு முறை கழகக் கூட்டத்தில் படிக்கச் செய்வோம். மூன்று: ஆண்டு விழாவில் முதல் மதிப்பெண் பெற்ற மாணவருக்குப் பரிசளிக்கும்போது, எல்லாப் பிள்ளைகளையும் வாசிக்கச் செய்த பள்ளியின் ஆசிரியர்களையும், அப்பள்ளியின் மேலாண்மைக் குழுத் தாய்மார்களையும் அதே மேடையில் பாராட்டுவோம்.

டாக்டர் அம்பேத்கர் 1924-இல் தொடங்கிய முதல் அமைப்பிலேயே கல்விக்கு முதலிடம் தந்தார். 1945-இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவினார். கல்வியும் ஒற்றுமையும் ஒன்றையொன்று பற்றி நிற்பவை என்பதே அவர் வாழ்வு நமக்குக் காட்டிய நெறி. படித்தவன் தெருவை விட்டுப் போய்விட்டால் தெரு இருளும். படித்தவன் தெருவோடு நின்றால் பள்ளி ஒளிரும்.

நம் பாட்டனார் பள்ளி வாயிலுக்கு வெளியே நின்றார். நம் தந்தையார் வகுப்பறையின் கடைசி வரிசையில் அமர்ந்தார். இன்று பள்ளியின் மேலாண்மைக் குழுவில் அமர்ந்து கணக்குக் கேட்கும் இடம் நமக்குச் சட்டப்படி உரியது. அந்த இடம் வெற்றிடமாகக் கிடக்கலாகாது. வரும் குழுக் கூட்டத்திற்கு உங்கள் ஊரிலிருந்து யார் செல்கிறார், என்ன கேட்கப் போகிறார் என்பதை இன்றிரவே தெருவில் கூடிப் பேசத் தொடங்குங்கள்.